நடுக்குவாதமும் இருதயத்தின் நரம்புகளும்

ஓய்ந்திருக்கும் கையில் விரல்கள் தாமாகவே ஆடத் தொடங்குவதும், நடையில் அடி குறுகிக் கால் தரையோடு தேய்வதும், முகத்தில் பாவம் குன்றிக் குரல் தாழ்ந்துபோவதும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றைக்கும் பல குடும்பங்களில் முதுமையின் இயல்பு என்றே கொள்ளப்படுகின்றன. முப்பது நாற்பது ஆண்டுகள் நூற்பாலையில் ஷிப்டு மாறி மாறி உழைத்தவருக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியின் முன்னே காலமெல்லாம் நின்றவருக்கும் கை நடுங்குமானால், "உழைச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் தேற்றிவிடுகிறார்கள். பிறகு நரம்புத் தளர்ச்சிக்கென்று சில காலம் டானிக்கும் ஊசியும் நடைபெறுகின்றன. அவற்றால் ஒன்றும் ஆகாதபோதுதான் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரைக்குப் பயணம் கிளம்புகிறது. அங்கே ஒருவாறு ரோகத்தின் பெயர் தெரியவரும்போது அது உடம்பில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

பார்க்கின்சன் நோய் என்றும் சொல்லப்படும் நடுக்குவாதமாகிய அந்த ரோகம் கையில் தொடங்கியது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நோயாளர் பலரிடத்தில் அது கையை எட்டுவதற்கு முன்பே இருதயத்துக்குச் செல்லும் நரம்புகளைத் தொட்டுவிட்டிருக்கிறது என்பதும், அந்த நரம்புகளின் ஸ்திதியைப் படமாக எடுத்துப் பார்க்கலாம் என்பதும் இன்று விஞ்ஞானம் காட்டியிருக்கும் உண்மைகள். அந்தப் படம் நம்முடைய பிரதேசத்து மக்களுக்கு எந்த அளவில் தேவை, எங்கே அது தவறான வழியைக் காட்டும், அது கற்பிக்கும் பாடத்தைப் படத்துக்காகக் காத்திராமலே நம்முடைய அரசு மருத்துவமனைகளில் எங்ஙனம் கைக்கொள்ளலாம் என்னும் இம்மூன்றையும் குறித்து என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

லண்டன் நகரத்து வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் கண்ட ஆறு பேரை ஆதாரமாகக் கொண்டு, அவருள்ளும் சிலரைத் தெருவில் சந்தித்த அளவிலேயே அறிந்தவராய், 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டார். 1912-இல் ஃபிரெடெரிக் லெவி என்னும் ஜெர்மானியர் நோயாளரின் மூளை உயிரணுக்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். 1960-இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச், இறந்த நோயாளரின் மூளையில் டோபமின் என்னும் ரசாயனம் மிகவும் குறைந்துபோயிருப்பதைக் காட்டினார். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபா மருந்தை வாய்வழியாகப் படிப்படியே உயர்த்திக் கொடுத்து, அசைவற்றுக் கிடந்தவர்களை எழுந்து நடக்கச் செய்தார். லெவி கண்ட படிவுகளின் பிரதானப் பொருள் ஆல்ஃபா-சினூக்ளின் என்னும் புரதம் என்பது 1997-இல் தெளிவாயிற்று. இவையெல்லாம் பெருமைக்குரிய கண்டுபிடிப்புகளே. எனினும் இவற்றின் பிரகாசத்திலே வைத்தியர்களின் பார்வை மூளையிலேயே நிலைத்துவிட, மலச்சிக்கலை நோயின் ஒரு பகுதியாகப் பார்க்கின்சனே குறித்து வைத்திருந்தும், கழுத்துக்குக் கீழே உள்ள சரீரத்தில் இந்த ரோகம் செய்யும் காரியங்களை நெடுங்காலம் இரண்டாம் பட்சமாகவே வைத்தார்கள்.

இருதயம் தானே துடிக்க வல்லதாயினும், அதன் வேகத்தையும் வலிமையையும் சமயத்துக்குத் தக்கவாறு கூட்டவும் குறைக்கவும் இருவகை நரம்புகள் அதனை வந்து அடைகின்றன. அவற்றுள் பரிவு நரம்புகள் எனப்படுபவை தம் முனைகளிலிருந்து நார்அட்ரினலின் என்னும் ரசாயனத்தைச் சுரந்து துடிப்பைக் கூட்டுகின்றன. வேலை முடிந்ததும் சுரந்ததில் பெரும் பகுதியைத் தாமே மீண்டும் உள்ளிழுத்துச் சேமித்துக்கொள்கின்றன. படுத்திருந்த ஒருவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அந்தக் கணத்திலேயே பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருதயத்தைச் சற்று விரைவாக ஓட்டி, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறையாதபடி காத்துவிடுவதால்தான் நாம் மயங்கி விழாமல் நிற்கிறோம். இந்நரம்புகள் நசித்துப்போனவருடைய ரத்த அழுத்தம் நின்றவுடன் சரிகிறது, கண் இருட்டுகிறது, தலை கிறுகிறுக்கிறது.

1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட எம்.ஐ.பி.ஜி. என்னும் சேர்மம், உருவத்தில் நார்அட்ரினலினை ஒத்திருப்பதால், பரிவு நரம்பின் முனைகள் அதனையும் தம்முடைய பொருள் என்று கொண்டு உள்ளிழுத்துக்கொள்கின்றன. அதில் கதிரியக்கமுள்ள அயோடின் அணு ஒன்று பிணைக்கப்பட்டிருக்கிறது. தைராய்டு சுரப்பி அந்த அயோடினைக் கவர்ந்துகொள்ளாதிருக்கும்படி முன்னதாகவே மருந்து கொடுத்துவிட்டு, கை நரம்பில் ஊசி போட்டு, கால் மணி முதல் அரை மணிக்குள் ஒரு முறையும், மூன்று நான்கு மணி நேரம் கழித்து மறுமுறையும் காமா கேமராவின் கீழே படுக்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். நெஞ்சின் நடுப்பகுதியில் தெரியும் கதிரியக்கத்தோடு இருதயத்தில் தெரிவதை ஒப்பிட்டால், நலமுள்ளவரிடம் இருதயத்தின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். நடுக்குவாதம் முற்றியவர் பலரிடத்தில் அது ஒன்றுக்கு அருகில் இறங்கி, இருதயம் இருக்கவேண்டிய இடமே படத்தில் வெறிதாகத் தோன்றும். படத்தில் காணாமற்போன இருதயம் அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது; மாரடைப்புக்கு இது அறிகுறி என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை.

1990களில் ஜப்பானிய நரம்பியல் வைத்தியர்கள் இந்தக் காட்சியைக் கண்டு, அயராது அதனைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களுள் சதோஷி ஒரிமோவும் அவருடைய சகாக்களும், உயிர் நீத்த நோயாளரின் இருதயங்களை எடுத்து, அவற்றின் மேலுறையில் ஓடும் பரிவு நரம்பின் இழைகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, படத்தில் கண்ட வெறுமை நரம்பிழைகள் மெய்யாகவே அழிந்துபோனதன் விளைவு என்று நிரூபித்தார்கள். 2008-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி அதைவிட ஆழமான ஒன்றைச் சொல்லிற்று: ராஜபாளையத்து மாந்தோப்புகளில் நுனிக்கருகல் கண்ட மரம் கொழுந்தில் வாடத் தொடங்கிக் கிளை வழியே கீழிறங்குவதைப் போல, ஆல்ஃபா-சினூக்ளின் படிவுகள் முதலில் இருதயத்தில் முடியும் நரம்பின் நுனியில் சேர்ந்து, அங்கிருந்து அழிவு பின்னோக்கி, நரம்பின் மூலமாகிய முடிச்சை நோக்கிச் செல்கிறது. உயிரோடிருந்த காலத்தில் நோயின் அறிகுறி எதுவும் இல்லாது, இறந்தபின் மூளையில் லெவியின் படிவுகள் மட்டும் தற்செயலாகக் காணப்பட்ட சிலரிடத்திலும் இந்த நுனி அழிவு தென்பட்டது.

இதனால் எழுந்த கருத்து, இந்த ரோகம் சிலரிடம் மூளையில் தொடங்கிச் சரீரத்துக்கு இறங்குகிறது என்பதும், வேறு சிலரிடம் குடலிலும் புற நரம்புகளிலும் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது என்பதுமாகும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்துப் பெர் போர்காமர் குழுவினர் 2020 முதல் இதனைப் படங்களின் துணைகொண்டு வலியுறுத்தி வருகிறார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் கோல்ட்ஸ்டைன், வேறொரு கதிரியக்கச் சேர்மத்தைக் கொண்டு இருதயத்தின் நரம்புகளைப் படமெடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. குடும்பத்தில் ரோகம் இருத்தல், மோப்பம் குன்றல், கனவில் கண்டதைத் தூக்கத்திலேயே கை கால் வீசி நடித்தல், நின்றால் கிறுகிறுத்தல் ஆகியவற்றில் மூன்றேனும் உடைய 34 பேரை அவர் ஆராய்ந்தார். தொடக்கத்திலேயே இருதயத்தின் நரம்பு குன்றியிருந்த 9 பேருள் 8 பேருக்குப் பின்னர் நடுக்குவாதமோ அதன் இனத்தைச் சேர்ந்த அறிவு மழுங்கும் நோயோ வந்தது; நரம்பு நன்றாக இருந்த 25 பேருள் ஒருவருக்கே வந்தது. தொகை சிறியதுதான். எனினும் இருதயம் முன்கூட்டியே சாட்சி சொல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

ஆகையால், ரோகத்தின் பெயரை உறுதி செய்வதில் இந்தப் படத்தின் உபகாரம் மெய்யானது. கை நடுங்குபவர் எல்லாருக்கும் வந்திருப்பது பார்க்கின்சன் நோய் அன்று. பல உறுப்பு நலிவு என்று சொல்லத்தக்க எம்.எஸ்.ஏ. என்பது ஒன்று, கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாமல் அடிக்கடி மல்லாந்து விழச் செய்யும் பி.எஸ்.பி. என்பது இன்னொன்று, இவை தொடக்கத்தில் நடுக்குவாதத்தின் வேஷத்திலேயே வந்து, லெவோடோபாவுக்குச் சரிவர இணங்காமல், விரைந்து முற்றுகின்றன. நம் நாட்டில் இப்போது செய்யப்பட்டுவரும் டிரோடாட் என்னும் மூளை ஸ்கேன், டோபமின் நரம்புகள் குறைந்திருக்கின்றனவா என்பதை நன்கு காட்டும். ஆனால் அவை இம்மூன்றிலும் குறைந்திருப்பதால், எது எது என்று பிரித்துச் சொல்ல அதனால் எளிதில் ஆகாது. இருதயத்தின் படமோ நடுக்குவாதத்தில் வெறுமையாகவும் மற்ற இரண்டிலும் பெரும்பாலும் இயல்பாகவும் இருந்து அந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஜப்பானில் 2012 முதல் தேசியக் காப்பீட்டிலேயே இதற்கு அனுமதி உண்டு. 2015-இல் சர்வதேச அசைவுக் கோளாறுச் சங்கம் வகுத்த இலக்கணத்திலும் இது துணைச் சான்றாக இடம்பெற்றது.

அந்த இலக்கணத்தில் இதற்கு இடம் கொடுக்கப்பட்ட விதம் நம்முடைய கவனத்துக்கு மிகவும் உரியது. மோப்ப சக்தி இழந்திருத்தல், அல்லது இருதயத்தின் பரிவு நரம்பு குன்றியிருப்பதைப் படம் காட்டுதல், இவ்விரண்டில் ஒன்று இருந்தால் அது நடுக்குவாதத்துக்குச் சாதகமான ஒரு சான்று என்று அதில் விதிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, கதிரியக்க அயோடினை உண்டாக்கும் சைக்ளோட்ரானும் காமா கேமராவும் அணு மருத்துவ நிபுணரும் சேர்ந்து தரும் சான்றுக்கும், ஒருவருடைய மூக்கின் கீழே காப்பித் தூளையோ கிராம்பையோ சோப்பையோ காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் செய்யும் எளிய முயற்சியிலிருந்து தொடங்கும் சான்றுக்கும் அந்த நிபுணர் சபை ஒரே வரியில் ஆசனம் அளித்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சும் கடையைக் கடந்து போகும்போது சுண்டும் பாலின் மணமோ, ஆண்டாள் சந்நிதியில் துளசியின் மணமோ சில ஆண்டுகளாகத் தமக்குத் தெரிவதில்லை என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை வயதின் கோளாறு என்று தள்ளாமல் குறித்துக்கொள்ள ஒரு காகிதமும் பேனாவும் போதும். தூக்கத்தில் கத்துகிறாரா, கை வீசி அடிக்கிறாரா என்று அவருடைய மனைவியைக் கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டுவதில்லை. ஜலதோஷமும் சைனஸும் கொரோனாவும் மோப்பத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. அதனால்தான் அதனைத் துணைச் சான்று என்கிறோம்.

என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம் கிறுகிறுப்பைப் பற்றியது. காலையில் கட்டிலைவிட்டு எழும்போதும், சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகும்போதும் தலை சுற்றுகிறது என்று ஒரு முதியவர் வந்தால், நம்முடைய ஊர்களில் என்ன நேருகிறது? உட்காரவைத்துப் பிரஷர் பார்க்கிறார்கள்; சரியாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கிறது; கிறுகிறுப்புக்கென்று சின்னரிசினோ புரோகுளோர்பெரசினோ எழுதப்படுகிறது; அந்தச் சீட்டைக் காட்டியே மருந்துக் கடையில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவ்விரு மருந்துகளும் மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்க வல்லவை. முதியவர்களிடம் நெடுநாள் உட்கொள்ளப்பட்டால் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் நடைத் தளர்ச்சியையும் தாமே உண்டாக்குபவை. இருதயத்தின் நரம்பு குன்றியதால் நின்றவுடன் அழுத்தம் சரிந்து கிறுகிறுத்த ஒருவருக்கு, அந்தக் குறையைக் கண்டறியாமல், அதே ரோகத்தின் மற்றொரு பாதியை வளர்க்கும் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம் என்றால், இது எத்தகைய விபரீதம்! ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளூனரிசினும், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோபிரமைடும், மனநோய்க்குரிய சில மருந்துகளும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே. இவற்றால் வந்த நடுக்கமா, உள்ளிருந்த ரோகமா என்ற ஐயம் எழும்போது இருதயத்தின் படம் பேருதவி செய்யும். மருந்தினால் மட்டும் வந்ததானால் படம் இயல்பாக இருக்கும். ஆயினும் படத்துக்கு அனுப்புவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பார்த்து, நிறுத்தத்தக்கதை வைத்தியரே முறையாக நிறுத்திச் சில மாதங்கள் காத்திருப்பது அதனிலும் நன்று. நோயாளர் தாமாகவே நிறுத்திவிடலாகாது. மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர் விஷயத்தில் அது பேராபத்து.

இனி, இந்தப் படம் தவறான வழியைக் காட்டும் இடங்களைப் பார்க்கவேண்டும். மாரடைப்பு வந்து தசை நைந்த இருதயத்திலும், பலவீனப்பட்டுத் தளர்ந்த இருதயத்திலும் எம்.ஐ.பி.ஜி. குறைந்தே தெரியும். மனச்சோர்வுக்குத் தரும் பழைய வகை மாத்திரைகள் சிலவும், ரெசர்பின், லாபெட்டலால் போன்ற அழுத்த மருந்துகளும், மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரினும் அதனை உள்ளே செல்லவொட்டாமல் தடுக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய இடையூறு நீரிழிவு. பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை, நடுக்குவாதம் செய்வதைப் போலவே, இருதயத்தின் பரிவு நரம்புகளை நசிக்கச் செய்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரும் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவருள் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டு. நடுக்குவாதம் வரும் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த விகிதம் இதனினும் மிகுதியாகவே இருக்கும். ஜப்பானில் வகுத்த அளவுகோலை ராஜபாளையத்து நீரிழிவு நோயாளிமீது அப்படியே வைத்து, படம் வெறுமையாயிருக்கிறது, ஆதலால் உமக்குப் பார்க்கின்சன் என்று சொல்லிவிடுவது பெரும் அநீதி. அவரிடத்தில் படம் இயல்பாக வந்தால் அது பொருள் உள்ள செய்தி. குறைந்து வந்தால் எதையும் தீர்மானிக்காத செய்தி. மூளையில் தொடங்கும் வகையினருக்கு நோயின் ஆரம்பத்தில் படம் இயல்பாகவே இருந்துவிடக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

கதிரியக்கப் பொருளின் கதையும் எளிதானதன்று. இந்தப் படத்துக்கு உகந்தது அயோடின்-123. சைக்ளோட்ரானில் செய்யப்படும் அதன் அரை ஆயுள் 13 மணி நேரமே ஆதலால், செய்யும் இடத்துக்கும் ஊசி போடும் இடத்துக்கும் இடையே ஒரு நாள் கழிந்தால் முக்கால் பங்கு கரைந்துவிடும். நம் நாட்டில் அணுசக்தித் துறையின் நிறுவனம் தருவது பெரும்பாலும் அயோடின்-131 சேர்த்த எம்.ஐ.பி.ஜி.; எட்டு நாள் அரை ஆயுளுள்ள அது அட்ரினல் சுரப்பிக் கட்டிகளையும் குழந்தைகளின் நரம்புக் கட்டிகளையும் கண்டறியவும் குணப்படுத்தவும் சிறந்த பணி செய்துவருகிறது; ஆனால் அதன் படம் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை, சரீரத்தில் சேரும் கதிர்வீச்சும் அதிகம். அணு உலைகளையும் சைக்ளோட்ரானையும் தானே கட்டி இயக்கும் ஒரு தேசத்துக்கு அயோடின்-123 எட்டாத பொருள் என்று நான் ஒப்பமாட்டேன். தேவை இருக்கிறது என்று வைத்தியர்கள் எடுத்துச் சொன்னால் அது உண்டாகும்; வைத்தியர்கள் எடுத்துச் சொல்லவேண்டுமானால், நம்முடைய நோயாளர்களை, முக்கியமாக நீரிழிவு உள்ளவர்களை, நம்முடைய மருத்துவக் கல்லூரிகளிலேயே வைத்து ஆராய்ந்த கணக்கு கையில் இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் சென்னையின் பழைய சரித்திரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1937-ஆம் ஆண்டில், சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில், எம். தாமோதரனும் ஆர். ராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து அதனை ஓர் ஆங்கில ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நம்முடைய மலையடிவாரத்துப் புதர்களில் படரும் கொடி அது. வாத நோய்களுக்கு அதன் விதையை நாட்டு வைத்தியம் அறிந்திருந்தது. அதனுள் இருக்கும் பொருளின் பெயரும் சென்னையில் தெரிந்துவிட்டது. எனினும் அந்தப் பொருள் நடுக்குவாதத்துக்கு மருந்து என்று உலகம் அறிய 30 ஆண்டுகள் ஆயின, அதுவும் வேறு நாடுகளில். மூளையில் டோபமின் குறைகிறது என்பதே அன்று எவருக்கும் தெரியாதிருந்ததால் இதை யாருடைய குற்றமாகவும் சொல்வதற்கில்லை. ஆனால் இன்று இருதயத்தின் நரம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தும், நம் நோயாளரிடத்தில் அதைப் பொருத்திப் பார்க்காமல் காலம் கடத்துவோமானால் அது குற்றமே ஆகும். இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலிப் பொடியைத் தாமே வாங்கி உண்ணத் தொடங்கவேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். அதில் மருந்தின் அளவு விதைக்கு விதை மாறும். வைத்தியர் தரும் மாத்திரையோடு சேர்ந்து அழுத்தத்தை மேலும் சரியச் செய்யும்.

என்னுடைய கோரிக்கைகள் இரண்டு. முதலாவது, இந்தப் படம் தென் மாவட்டங்களுக்குப் பொதுவாக மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையிலேனும் கிடைக்கவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதற்கு இடம் தரவேண்டும். ஆனால் நரம்பியல் நிபுணர் ஒருவர் நேரில் பார்த்து, லெவோடோபா கொடுத்துப் பார்த்து, அதன்பின்னும் ஐயம் தீராதவருக்கு மட்டுமே அது செய்யப்படவேண்டும். வரப்போகும் நோயை முன்னமே அறியலாம் என்று சொல்லி நலமுள்ளவர்களைப் படமெடுக்க அழைக்கும் வியாபாரம் நாளைக்குத் தலையெடுக்கக்கூடும். நடுக்குவாதத்தை வராமல் தடுக்கும் மருந்து இன்னும் உலகில் எங்கும் இல்லாதபோது, ஆராய்ச்சிக்கு மனமுவந்து வருபவரைத் தவிர மற்றவருக்கு அந்த முன்னறிவு கவலையைத் தவிர வேறெதையும் தராது. அந்த வியாபாரத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

இரண்டாவது கோரிக்கைக்குப் பணமே தேவையில்லை என்று சொல்லலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளுக்கும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும் முதியவர்களில், கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ கிறுகிறுப்போ உள்ள ஒவ்வொருவருக்கும், ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்றபின் முதல் நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் மறுபடியும் ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து எழுதவேண்டும். மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ சரிந்தால் அது நோய். அவ்வளவு சரிந்தும் நாடி சிறிதளவே கூடினால், குறை நரம்பில் இருக்கிறது என்பதற்கு அதுவே வலிய சூசகம். இருதயத்தின் நரம்பு குன்றியதைப் படமில்லாமலே ஊகிக்க இது எளிதான ஒரு வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் ஊழியர்களின் கையில் கருவி ஏற்கனவே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அரை நாள் பயிற்சியும், இன்னாருக்கு நிற்கவைத்தும் பார் என்ற உத்தரவும்தான். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தக் கணக்குகளைத் தொகுத்து ஆராய முன்வருமானால், நீரிழிவு மிகுந்த ஒரு சமூகத்தில் எந்தச் சரிவு எந்த நோயால் வருகிறது என்பதற்கு நம்முடைய சொந்த ஆதாரம் பிறக்கும். தம் வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன பூ. ச. குமாரசுவாமி ராஜாவின் ஊராகிய ராஜபாளையத்தில், இத்தகைய ஆராய்ச்சிக்கும் நோயாளரின் உடற்பயிற்சிக்கும் ஓர் இடம் அளிக்கத் தனவந்தர்கள் முன்வருவார்கள் என்று நம்புவதில் தவறில்லை.

நின்றால் அழுத்தம் சரிவதைக் கண்டறிந்துவிட்டால் செய்யக்கூடியது நிரம்ப உண்டு. நடுக்குவாதத்தோடு ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால், அதன் அளவையும் நேரத்தையும் வைத்தியர் மாற்றி அமைக்கலாம். லெவோடோபாவே அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடியதால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சில அங்குலம் உயர்த்திவைப்பதும், எழும்முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதும், சிறிது உட்கார்ந்து பின் எழுவதும், வயிறு முட்ட ஒரே வேளையில் உண்ணாமல் பகிர்ந்து உண்பதும் வீட்டிலேயே ஆகக்கூடியவை. உப்பைக் கூட்டுவது மட்டும், இருதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவருக்குத் தீங்கு செய்யுமாதலால், வைத்தியரைக் கேட்டே செய்யத்தக்கது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலேயே வாழ்வு முடிந்த முதியவர்களின் கதை நம் தெருக்களில் ஒன்றிரண்டல்ல. அவற்றுள் சில இந்த எளிய அளவெடுப்பினால் தவிர்த்திருக்கக்கூடியவை என்பது என் திடமான நம்பிக்கை.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கை நடுக்கமோ கிறுகிறுப்போ இருந்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கும்படி வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.